உயர்மலைத் தாவர வர்க்கமும் உறைபனியும்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்கெனச் சுருக்கித் திருத்தியது)



கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு அடி உயரத்தில் இருக்கும் ஓர் ஊரில், எட்டாயிரம் அடி உயரத்து மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று அறக்கட்டளையினர் என்னைப் பணித்தபோது, இந்த ஊருக்கும் அந்த மலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி உங்களில் சிலருக்கேனும் எழுந்திருக்கும். சம்பந்தம் உண்டு, அது நம் காலடியிலேயே கிடக்கிறது. பல்லாவரத்துக் குன்றுகளிலும் பரங்கிமலையிலும் வெட்டியெடுத்த கருநிறக் கல்லுக்கு, 1893ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் ஹாலண்டு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இங்கிருந்து போனது என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். நீலகிரிப் பீடபூமியின் பெரும்பகுதியும் இதே வர்க்கத்துப் பாறையால் ஆனதுதான். பரங்கிமலை 300 அடியோடு நின்றுவிட்டது. தொட்டபெட்டா 2,637 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. பாறை ஒன்று, உயரம் வேறு. ஆகவே, உயரம் ஒன்று மட்டும் மாறினால் தாவர உலகில் என்னென்ன மாறும் என்று சோதித்துப் பார்க்க, இயற்கையே ஒரு ஜோடியை ஏற்படுத்தி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த காலத்தில், அதன் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர், தம் சாஸ்திரத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத தாவரவியலில் பேராவல் கொண்டு, விடுமுறைதோறும் தென்னிந்திய மலைகளில் செடிகளைத் தேடி அலைந்தார். கல்லூரியைச் சூழ்ந்த புதர்க்காட்டையும் மரங்களையும் பேணி வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாம்புத் தலையை ஒத்த பூமடலையுடைய 'அரிசீமா' குலத்தில் ஒன்றும், 'செரோபீஜியா' குலத்துக் கொடி ஒன்றும் இன்றளவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. காரையும் களாவும் வீரையும் அடர்ந்த இந்த வறள்காட்டின் நடுவே வசித்த ஒருவர் மலையுச்சிச் செடிகளின் வேற்றுமையைக் கண்டு வியந்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொற்பொழிவின் கடைசிவரை அதை மறைத்து வைத்திருந்து திடீரென்று வெளிப்படுத்தும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. மழை மிகுதி, மண்வளம், குளிர்ச்சி, மனிதத் தொந்தரவின்மை ஆகிய அனுகூலங்களால்தான் மலைகளில் தாவரங்கள் பல்கிப் பெருகுகின்றன என்பது பொதுவான எண்ணம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியதை அறிந்த தமிழர்க்கு, மலை என்றால் செழிப்பு என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த வரிசையில் தாமரையும் உண்டு, நெய்தலும் உண்டு என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. உயர்மலையின் தாவரப் பன்மையை உண்டாக்குபவை அனுகூலங்கள் அல்ல, பிரதிகூலங்களே. அவையும் எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதால் அல்ல, இருபது முப்பது அடி நடப்பதற்குள் கூடியும் குறைந்தும் மாறுவதால்தான் அவ்வாறு செய்கின்றன. இதை ஆறு கூறுகளாக விளக்குகிறேன்.

1. முதலாவது, குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பள்ளிப் பாடம். அக்கணக்கின்படி, தாம்பரத்தில் இருபத்தெட்டு டிகிரியை ஒட்டியிருக்கும் ஆண்டுச் சராசரி உதகமண்டலத்தில் பதினான்கை ஒட்டி இறங்குகிறது. பதினான்கு டிகிரி என்பது மரங்களைத் தடுக்கும் குளிரே அன்று. இமயத்தில் பூர்ஜ மரங்கள் மூவாயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேலும், மிகக் கடுமையான குளிரில் காடாக நிற்கின்றன. அப்படியானால், நீலகிரியிலும் பழனிமலையிலும் ஆனைமலையிலும் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே, மடிப்புகளில் மட்டும் சோலைக் காடும் சரிவுகளெங்கும் புல்வெளியுமாக நிலம் இரண்டுபட்டுக் கிடப்பானேன்? சராசரியைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. விடை, மார்கழியிலும் தையிலும் வரும் சில இரவுகளில் இருக்கிறது.

போகிப் பண்டிகையின் விடியலில் நாம் இங்கே போர்வையைத் தேடும்போதும் வெப்பமானி இருபதை ஒட்டியே நிற்கும். அதே விடியலில் அவலாஞ்சியிலும் தலைகுந்தாவிலும் புல்நுனிகள் வெள்ளை வெளேரென்று உறைந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் முதலில் விழுவதை மலைவாசிகள் நீர்ப்பனி என்பார்கள்; அடுத்து வருவது உறைபனி. மழை ஓய்ந்து வானம் தெளிந்து காற்றில் ஈரம் வற்றிய இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் நிலம் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகப் போர்வை இல்லாமையால் அது திரும்பி வருவதில்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவுகளில் இறங்கிச் சமதளமான தாழ்வுகளில் தேங்கி நிற்கிறது. சோலைக்குள்ளோ, இலைக்கூரை அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகையால் வெளியே புல் உறைந்து கிடக்கும்போது, சில அடி தள்ளிச் சோலையின் உள்ளே உறைபனி என்பதே இல்லை.

சோலை மரங்களாகிய நாவல் வகைகள், காட்டுச் செண்பகம், லவங்க வகைகள், உருத்திராட்ச வகைகள் ஆகியவை உஷ்ணப் பிரதேசத்து வம்சத்தைச் சேர்ந்தவை. வளர்ந்த மரம் குளிரைத் தாங்கும். முளைத்த கன்று, உறைபனி இரவு ஒன்றையும் தாங்காது. விதை புல்வெளியில் விழாமல் இல்லை, பறவைகள் கொண்டுவந்து போடுகின்றன, முளைக்கவும் செய்கிறது, தை பிறப்பதற்குள் கருகிவிடுகிறது. புல்லோ, மேலே தோன்றும் தாள் உறைந்து காய்ந்தாலும், தூரில் உள்ள குருத்தைக் காத்துக்கொண்டு, மழை கண்டதும் மீண்டும் தழைக்கிறது. ஆண்டு முழுவதிலும் ஒரு சில இரவுகளே வந்து போகும் ஒரு பிரதிகூலம், இரண்டு முழுமையான தாவர சமுதாயங்களுக்கு நடுவே எல்லைக்கோடு இட்டுவிடுகிறது. அந்தக் கோடு இல்லையேல், ஒரே மலையில் இரண்டு உலகங்கள் இரா.

2. இவ்வளவு எளிதாக நான் சொல்லிவிட்ட இந்த விஷயம், நம் நாட்டு வனசாஸ்திரத்தில் ஒரு பெரிய விவாதமாக நடந்தது. 1938இல், 'இந்தியன் பாரஸ்டர்' என்னும் சஞ்சிகையின் ஒரே தொகுதியில் இருவர் எதிரெதிராக எழுதினார்கள். சென்னை மாகாண வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன், உறைபனியே மரங்களைத் தடுக்கிறது, ஆகவே புல்வெளி இயற்கையின் இறுதி நிலையே என்று வாதித்தார். புல்லினங்களில் மகாநிபுணரான என். எல். போர் என்பவரோ, மனிதன் மூட்டிய நெருப்பாலும் மேய்த்த மந்தைகளாலும்தான் காடு அழிந்து புல் பரவிற்று, நெருப்பை நிறுத்தினால் காடு திரும்பும் என்றார். பிற்காலத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து மெஹர்-ஹோம்ஜி, சோலை மரங்களின் பூர்வீக வம்சத்தைச் சுட்டிக்காட்டி உறைபனிக் கட்சிக்கு வலுவூட்டினார்.

தீர்ப்பை வழங்கியது சேறு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் தாவர எச்சத்தை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆர். சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வறட்சிக்கேற்ற புற்களும், ஈரத்துக்கேற்ற மரம் செடிகளும் கரியமில வாயுவை உட்கொள்ளும் முறையில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு கரியின் ஐசோடோப்பு விகிதத்தில் அழியாமல் பதிந்துவிடுகிறது. இதைக்கொண்டு பார்க்கையில், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பனியுகத்தின் கடுமையான வறட்சிக் காலத்தில், இந்த மலைகளில் புல் செழித்திருந்தது என்றும், பிறகு பருவமழை வலுத்த காலத்தில் ஈரத் தாவரங்கள் முன்னேறின என்றும், மீண்டும் வறண்டபோது புல் பரவிற்று என்றும் தெரிய வந்தது. ஆகவே புல்வெளி, யாரோ காட்டை அழித்ததால் உண்டான தரிசு அன்று. தோடர்களின் எருமை மந்தைகளும் அவர்கள் மூட்டிய சிறு நெருப்புகளும் அதன் உருவத்தைச் சற்று மாற்றியிருக்கலாம், அதைப் படைக்கவில்லை. போரின் கட்சியை நான் முற்றிலும் தள்ளிவிடவும் இல்லை: சோலை ஓரத்தில் ஓரிரு மரங்கள் முன்னேறுவதும் பின்வாங்குவதும் நெருப்பைப் பொறுத்த விஷயமே.

அண்மையில், 2020இல், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆராய்ச்சியாளர்கள் நீலகிரியில் நேரடியாகவே சோதித்து, திறந்த புல்வெளியின் உறைபனி சோலைக் கன்றுகளைத் தடுக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ரங்கநாதன் எழுதி எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின் வந்த சாட்சி இது.

3. அடுத்து மழையும் மண்ணும். நீலகிரியின் மேற்கு விளிம்பாகிய முக்குருத்தியில் தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதுகிறது. கிழக்கே கோத்தகிரிப் பக்கம் அந்தக் காற்றின் மறைவில் இருந்துகொண்டு, வடகிழக்குப் பருவத்தை எதிர்பார்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது; சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு அது மேல். இத்தகைய மழை மண்ணிலுள்ள சத்துக்களைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது அமிலம் மிகுந்த கருமண். சதுப்பு ஓரங்களில் காற்றும் சத்தும் அற்ற ஈரம். இப்படிப்பட்ட ஏழை நிலத்தில்தான், மண் கொடுக்காததைப் பூச்சியைப் பிடித்துச் சம்பாதிக்கும் அழுகண்ணிச் செடியும் அதன் கூட்டாளிகளும் வாழ்கின்றன. வளமான மண் கிடைத்திருந்தால் உயரமான முரட்டுப் புல் ஒன்று இவற்றையெல்லாம் மூடிவிட்டிருக்கும். தோடர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் ஈரம் தேங்கும் தாழ்வுகளில்தான் வளர்கிறது. நம் தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் நூல் எழுதிய ரங்காச்சாரியாரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வேறெங்கும் இல்லாமல் நீலகிரிக்கே உரியது அந்தப் புல்.

4. நான்காவது பிரதிகூலம், தனிமை. வானத்தில் மிதக்கும் தீவுகள் என்று இந்த உச்சிகளை இப்போது அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. மலையுச்சிச் செடிக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடலுக்குச் சமானம். 1967இல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு நுட்பமான கருத்தைச் சொன்னார். குளிர்நாடுகளில் கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வருவதால் அங்குள்ள உயிர்கள் பலவகை வெப்பநிலைக்கும் பழகியவை. உஷ்ண மண்டலத்து மலையில் பிறந்ததோ, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீதோஷ்ணத்தில் இருந்து பழகியது. ஆதலால் அதே உயரமுள்ள கணவாய் இங்கே தாண்டுவதற்கு அரிது. இந்தக் கருத்தில் எனக்கு மிக்க ஈடுபாடு உண்டு. நம் மலைகளுக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம் வேண்டும். ஜூலை ஜனவரி வேறுபாடு குறைவாக இருப்பினும், உறைபனி மாதங்களில் பகலும் இரவும் வேறுபடுவது மிக அதிகம்.

தனிமைப்பட்ட உயிர்கள் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் வழியே மாறுகின்றன. காசித்தும்பைக் குலமே இதற்குத் தக்க பிரமாணம்: மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை, சில, ஓரிரு மலைகளோடு முடிந்துவிடுகின்றன. மறுபுறம், இமயத்தில் காணும் ரோடோடென்ட்ரான் மரம், நடுவே ஈராயிரம் கிலோமீட்டரைத் தாண்டி நீலகிரியிலும் பழனியிலும், அதற்கப்பால் இலங்கையின் மலைகளிலும் செந்நிறப் பூக்களோடு நிற்கிறது. இலங்கையிலும் அது பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியின் ஓரத்தில்தான் வளர்கிறது. உறைபனியைத் தாங்கும் மரங்கள் இம்மலைகளில் சிலவே. புல்வெளியின் நடுவே தனித்து நிற்க வல்ல மரம் இதுவே என்று சொல்லலாம். குளிர்ந்த யுகங்களில் தாழ்ந்த மலைகளின் வழியே வந்து, வெப்பம் கூடியபோது உச்சிகளில் ஒதுங்கிக்கொண்ட வம்சம் இது என்று பலர் கருதுகிறார்கள்.

இங்கே எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நேபாளத்து இமயத்தில் கணக்கெடுத்தவர்கள், மொத்தத் தாவர இனங்கள் 1,500 முதல் 2,500 மீட்டர் வரையிலான இடைநிலையில் மிகுதி என்றும், அந்நாட்டுக்கே உரியவை நாலாயிரம் மீட்டரை ஒட்டியே மிகுதி என்றும் கண்டார்கள். ஆகவே மேலே போகப் போகத் தொகை குறையும், அபூர்வம் கூடும். நம் சோலைகளும் அடிவார மழைக்காடுகளோடு தொகையில் போட்டியிட முடியாதவை. தலையெண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மலையைக் காப்பது என்று தீர்மானிப்பவர்கள், அடிவாரத்தைக் காத்து உச்சியைக் கைவிடுவார்கள்.

5. காலமும் ஒரு பிரதிகூலம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, காய்த்து, மாண்டுபோகிறது. 1838 தொடங்கி 2018 வரை அந்த ஒழுங்கு தவறாமல் பதிவாகியிருக்கிறது. ஒரு சரிவு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த செடிகள் ஒரே காலத்தில் மடியும்போது, அவற்றின் நிழலில் ஒடுங்கியிருந்தவற்றுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கின்றன. இதைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதாமல் விட்டது ஏதும் இல்லையாதலால் மேலே செல்கிறேன்.

6. கடைசியாக, பிரதிகூலத்தை நீக்கினால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். அந்தச் சோதனையை நாமே செய்துவிட்டோம். நூற்றெண்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆங்கிலேயருடைய கண்ணுக்கு மரமில்லாத நிலம் வீண் நிலம். விறகுக்கும் அழகுக்கும் என்று, 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) உதகைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் சிறிய அளவில் தொடங்கியதைச் சுதந்திர இந்தியா பெரிய அளவில் முடித்து வைத்தது: தோல் பதனிடச் சீகைப் பட்டை, செயற்கைப் பட்டுக்குக் கூழ்மரம் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் உற்சாகத்தில் புல்வெளிகள் பரக்கப் பரக்கத் தோட்டங்களாயின. அந்நாளில் அது தேசசேவையாகவே கருதப்பட்டது. இன்று நாம் அவர்களை எளிதில் பழித்துவிடக் கூடாது. ஆனால் விளைவு விளைவுதான். பழனிமலையில் நான்கு தசாப்தங்களில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2018இல் தெரிவித்தார்கள்.

சீகை, உறைபனிக்கு அஞ்சாத மரம். காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் நிலைநிறுத்தி ஏழை மண்ணைச் செல்வ மண்ணாக்குகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, வெட்டினாலும் எரித்தாலும் ஆயிரக்கணக்கில் எழுகிறது. அதன் நிழலில் உறைபனி விழுவதில்லை. சமவெளி நியாயத்தின்படி இவை அத்தனையும் அனுகூலங்கள். மண் வளமாயிற்று, குளிர் தணிந்தது, நிழல் கிடைத்தது. இவ்வளவு உபகாரங்களையும் பெற்ற நிலத்தில், இம்மலைகளின் வெண்ணிற லில்லியும், நிலத்து ஆர்க்கிட்டுகளும், அழுகண்ணியும், தனித்தனித் தூர்களாக நின்ற பல்வகைப் புற்களும் ஒன்றுகூட இல்லாமல் போயின. என் கருத்துக்கு இதனினும் வலுவான பிரமாணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை உங்களிடம் மறைப்பது நேர்மையாகாது. சீகையின் நிழலில் உறைபனி இல்லாமையால், அங்கே சோலைக் கன்றுகள் முளைத்து வளர்கின்றன. ஆகவே சீகைக் காட்டை அப்படியே விட்டுவிட்டால் காலப்போக்கில் அது சோலையாகிவிடும் என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். சோலைக்கு அருகில் உள்ள பழைய தோட்டங்களில் இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கோடாரியோடு போவது அறிவுடைமை அன்று. புல்வெளிக்குள் புதிதாகப் புகும் சீகையின் விஷயம் வேறு. அதைக் கன்றாக இருக்கையிலேயே பிடுங்க வேண்டும். தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் மண்ணில் விதை சேர்கிறது. மரத்தை அகற்றியதும் புல் தானே வந்துவிடும் என்று நம்புவதும் பிழை. வெற்றிடத்தில் வேறு அந்நியச் செடிகள் முந்திக்கொள்கின்றன. மலைப்புல்லைத் தூர் தூராகப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டியிருக்கிறது. அது மெதுவான வேலை, செலவும் அதிகம். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களுக்கு அது உதவாது.

இந்த மனிதச் சோதனையின் இரண்டாம் பாகம் இப்போது நடக்கிறது. பூமி வெப்பமடைகையில், பகலைக் காட்டிலும் இரவின் குளிர்தான் உலகின் பல இடங்களில் விரைவாகக் குறைந்து வருகிறது. உறைபனி இரவுகள் குறைந்தால் எல்லைக்கோடு தளரும். இமயத்துச் செடிக்கு ஏறிப்போக இன்னும் உயரம் இருக்கிறது. தொட்டபெட்டாவின் செடிக்கு 2,637 மீட்டருக்கு மேலே ஆகாயம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். வானிலை நிலையங்களின் வெப்பமானிகள் தரையிலிருந்து நான்கடி உயரத்தில், பெட்டிக்குள் தொங்குகின்றன. அங்கே இரண்டு மூன்று டிகிரி என்று காட்டும் இரவிலும், தரையை ஒட்டிய புல் உறைந்திருக்கக் கூடும். சோலைக் கன்றின் உயரமோ நான்கு விரற்கடை. எனவே நான்கடியில் எடுத்த கணக்கைக்கொண்டு அந்தக் கன்றின் கதியைச் சொல்ல இயலாது. இன்று சிறு பொத்தான் அளவில் வெப்பப் பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. கார்த்திகையிலிருந்து மாசி வரையில், வனத்துறையின் அனுமதி பெற்று, ஒரே சரிவில் புல்லின் தூரில் சில, சோலைக்குள் சில, சோலை விளிம்பில் சில, சீகை நிழலில் சில என்று தரைமட்டத்திலேயே வைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் குறித்து வாருங்கள். கருவியை வைத்த இடங்களில் முளைத்த கன்றுகளையும், மாண்ட கன்றுகளையும் அதே ஏட்டில் எழுதுங்கள். 1915இல் பைசன் என்னும் தாவரவியலார், நீலகிரி பழனி உச்சிகளில் ஆறாயிரத்தைந்நூறு அடிக்கு மேல் பூப்பவற்றை வரிசைப்படுத்தி நூலாக வெளியிடத் தொடங்கியபோது, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டுதான் அதைச் செய்தார். தாம்பரத்திலிருந்து மேட்டுப்பாளையம் ஓர் இரவுப் பயணம்தான்.